ஆச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெல்லையிலிருந்து புது வொண்டர்லா போகலாமா?

பாளை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். சென்னைக்குப் பக்கம் இள்ளலூரில் போன 2025 டிசம்பரில் வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா திறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அதே பேச்சுதான். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. 2026இல் குடியரசு தினம் திங்கட்கிழமை வருகிறது. சனி, ஞாயிறு சேர்த்தால் மூன்று நாள் லீவு. பிள்ளைகளின் ஆச்சியைத் தனியாக விட்டுவிட்டு வர மனசில்லை, அவர்களும் வருவார்கள். அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு, மற்றபடி நல்ல தெம்பு.

பாளையங்கோட்டையிலிருந்து அவ்வளவு தூரம் போய், ஐந்து பேருக்கும் டிக்கெட் எடுக்கிறோம். எங்கள் குடும்பத்துக்கு அது தோதான இடமா? கொச்சி நல்லதா, சென்னை நல்லதா? ஆச்சி அங்கே என்ன செய்வார்கள்? பெண்கள் தண்ணீரில் இறங்க என்ன உடுத்த வேண்டும்? போய் வந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கேளம்பாக்கம் நெல்லைக்காரன்

அக்கா, எனக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி, வேலை ஓஎம்ஆரில். பூங்கா திறந்த புதிதில் அண்ணன் குடும்பம் ஊரிலிருந்து வந்திருந்தது, எல்லோரும் சேர்ந்து போனோம்.

முதலில் இடத்தைப் பற்றி. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 64 ஏக்கர் சொச்சத்தில் கட்டியிருக்கிறார்கள். 611 கோடி முதலீடு, 43 சவாரிகள். தரையில் ஓடுவதும் உண்டு, தண்ணீரில் சறுக்குவதும் உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாகவும் உண்டு. எல்லோரும் பேசுவது தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரைத்தான். அதில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், நாம் கீழே தொங்கும் இருக்கையில் உட்கார்ந்திருப்போம், கால் அந்தரத்தில் இருக்கும். செய்தது பொலிகர் அண்ட் மாபியார் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி. இந்த வகை கோஸ்டரை 1992இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓடவிட்டவர்களும் அவர்கள்தான். அவர்கள் செய்த இந்த வகை கோஸ்டர் இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல் தடவை. நான் ஏறினேன். இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தஞ்சோராவில் இல்லை. குடும்பமாகப் போகிறவர்கள் பூங்காவில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். நான் அதை வேறு மாதிரிச் செய்யச் சொல்வேன். உங்கள் கூட்டத்திலேயே உயரம் குறைந்தவர் யார், வயது மூத்தவர் யார் என்று பாருங்கள். அந்த இரண்டு பேரை வைத்துத்தான் அன்றைய நாள் அமையும். அண்ணன் மகள் சவாரிக்கு முன்னால் உயரம் பார்க்கிற அளவுக் கம்பத்துக்குக் கீழே நின்று, கம்பியைத் தொடத் தலையை எக்கி எக்கிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கே நிற்கிற பணியாளர்கள் இரக்கப்பட்டு விட முடியாது, விடவும் கூடாது. உயரம் பற்றாத பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதனால் நாங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்தோம். ஒரு கூட்டம் வரிசையில் நிற்கும்போது இன்னொன்று சின்னதைக் கூட்டிக்கொண்டு சிறுவர் பகுதிக்குப் போகும், பிறகு மாறிக்கொள்வோம்.

இந்தப் பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டையே வயதை வைத்துப் போடுவதில்லை, உயரத்தை வைத்துத்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இலவசம். 85இலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேலே பெரியவர் டிக்கெட். பெரிய சவாரிகளில் பலவற்றுக்கு அந்த 140தான் எல்லைக்கோடு. அதனால் இன்றைக்கே மகளையும் மகனையும் செருப்பில்லாமல் சுவரில் நிறுத்தி அளந்து இங்கே போடுங்கள் அக்கா. அப்புறம் பேசலாம்.

இன்னொன்று, குடியரசு தின லீவில் வராதீர்கள். மூன்று நாள் லீவு உங்களுக்கு மட்டுமில்லை, ஊருக்கே லீவு. செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் வந்தால் கட்டணமும் குறையும், வரிசையும் குறையும். திறந்தபோது 1,489 ரூபாயிலிருந்து டிக்கெட் ஆரம்பித்தது. ஆன்லைனில் எடுத்தால் பத்து சதவீதம், கல்லூரி அடையாள அட்டை இருந்தால் இருபது சதவீதம் தள்ளுபடி என்று அறிவித்திருந்தார்கள். நாளுக்கு நாள் விலை மாறும். எடுக்கிற அன்றைக்கு அவர்கள் தளத்திலேயே பாருங்கள். அன்றைய திறப்பு நேரமும் அங்கேயே இருக்கும்.

நெல்லை ரயிலடி

பயணத்தை நான் சொல்கிறேன் மதினி.

சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். இரவு ஏறினால் விடியலில் செங்கல்பட்டு. எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரமும் வேண்டாம், செங்கல்பட்டிலேயே இறங்கிவிடுங்கள். அங்கிருந்து திருப்போரூருக்கு நேர் ரோடு, பஸ்ஸும் உண்டு. ஆச்சி இருப்பதால் கார் பிடித்துவிடுங்கள். தென்காசி, கடையநல்லூர் பக்கத்தவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸும் இதே மாதிரிதான். பஸ்ஸில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிக்கலாம். வந்தே பாரத் காலை ஆறு மணியை ஒட்டி நெல்லையில் கிளம்பி மதியம் போலத் தாம்பரம் போகும். அதில் போனால் அன்றைக்குப் பூங்காவில் பாதி நாள்கூடக் கிடைக்காது. ஆனால் முதல் நாள் போய்த் தங்கி, மறுநாள் நிதானமாக உள்ளே போகிறவர்களுக்கு அதுதான் சுகம். உட்கார்ந்துகொண்டே போகலாம், இரவுத் தூக்கம் கெடாது.

கொச்சிக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ். தூத்துக்குடியில் கிளம்பி இரவு நெல்லை வந்து அம்பை, தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக மறுநாள் காலை எர்ணாகுளம். புனலூர் - செங்கோட்டை அகலப்பாதை 2018இல் திறந்த பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் கொச்சிக்குப் போவது மிகவும் எளிதாகிவிட்டது. வழியில் பதிமூன்று கண் பாலம் வரும். இரவு வண்டியில் அது தெரியாது என்பதுதான் வருத்தம்.

என் கணக்கில், கொச்சி வொண்டர்லா 2000இலிருந்து ஓடுகிற பழைய பூங்கா. அப்போது அதற்கு வீகாலேண்ட் என்று பெயர். நிழலுக்கு மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. சென்னை புத்தம் புதியது, தஞ்சோரா அங்கேதான் இருக்கிறது. தூரத்தில் கொச்சி கிட்டம். ஆனால் சென்னையில் சொந்தபந்தம் இல்லாத நெல்லைக்காரர் யார்? தங்கும் செலவு மிச்சம்.

தென்காசி சாரல்

நான் மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பேருக்கு டிக்கெட், ரயில், கார், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. இதற்குப் பேரருவி, ஐந்தருவி, புலியருவி, மணிமுத்தாறு, அகத்தியர் அருவி என்று நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வருடம் முழுக்கச் சுற்றலாம். அருவியில் தலையைக் கொடுத்து நின்ற பிள்ளைக்கு குளோரின் தண்ணீர் என்ன பிடிக்கப்போகிறது? ஆனிச் சாரலில் ஐந்தருவிப் பக்கம் நடக்கிற சுகத்தை எந்தக் கம்பெனியும் கட்டித் தர முடியாது.

டவுன் மதினி

சாரல் அண்ணாச்சி, அருவிக்கு ஈடு இல்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண்ணாகச் சொல்கிறேன், கேளுங்கள். பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் இருக்கிறது, ஆனாலும் சீசன் நெரிசலில் வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஈரத்துணியோடு நிறுத்திவிட்டு, சுற்றிலும் நிற்கிற கண்களையும் செல்போன்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா குளிக்கவே மாட்டாள். துண்டையும் மாற்றுத்துணியையும் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பாள். என் அம்மா அப்படித்தான் நின்றார்கள், என் மாமியாரும் அப்படித்தான். இந்த மாதிரிப் பூங்காவில் உடை மாற்றத் தனி அறை உண்டு, சாமான் வைக்க லாக்கர் உண்டு, நீச்சல் காவலர் உண்டு. பெண்கள் வாய்விட்டுச் சிரித்துத் தண்ணீரில் ஆடுகிற ஒரு நாளுக்குக் காசு கொடுப்பதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

பாளை அம்மா, உடை விஷயம். பருத்தி கூடாது. சேலை, தாவணி, துப்பட்டா, ஜீன்ஸ், வேட்டி எதுவும் சறுக்குகளில் ஆகாது. பருத்தி நூல் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும், தண்ணீர் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சறுக்கும்போது மடிப்பு மாட்டினால் ஆபத்து. நைலான் அல்லது லைக்ரா துணிதான் வேண்டும். முழுக்கை சட்டையும் கணுக்கால் வரை லெகிங்ஸும் அந்தத் துணியிலேயே கிடைக்கும், உடம்பு முழுக்க மூடியிருக்கும், கூச்சப்படத் தேவையில்லை. ஊரிலேயே வாங்கிவிடுங்கள். அங்கே போய் அவசரத்தில் அளவு தேட வேண்டாம். வண்ணார்பேட்டைக் கடைகளில் நீச்சல் உடை என்று கேட்டாலே எடுத்துப் போடுவார்கள்.

முக்கியமாக, அன்றைக்குத் தலையில் எண்ணெய் வைக்காதீர்கள். குற்றாலம் போகிற பழக்கத்தில் நம் வீட்டில் ஆச்சி காலையிலேயே பிள்ளைகளுக்குத் தேய்த்துவிடுவார்கள். குளத்துத் தண்ணீரை வடிகட்டி வடிகட்டித்தான் திரும்ப விடுகிறார்கள், எண்ணெய் அதைக் கெடுக்கும். இறங்குவதற்கு முன்னால் ஷவரில் ஒரு தடவை நன்றாகக் குளித்துவிட்டு இறங்க வேண்டும். நகை, வளையல், கொலுசு எல்லாம் வீட்டிலேயே. தாலிக்கொடியை என்ன செய்வது என்று கேட்பீர்கள். உள்ளே விட்டுச் சட்டைக் கழுத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நான் அலைக்குளத்தில் மட்டும் இறங்கினேன். சறுக்கில் ஏறவில்லை. அது அவரவர் முடிவு.

பாளை அம்மா

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். மகள் 137. மகன் 114.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. தஞ்சோரா வீடியோவைத்தான் தினம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆலங்குளம் பி.டி. வாத்தியார்

அம்மா, பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குச் சுற்றுலா போன அனுபவத்தில் எழுதுகிறேன்.

மூன்று சென்டிமீட்டர்தானே, கொஞ்சம் தடித்த ஷூ போட்டால் தெரியாது என்று யாராவது சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த அளவு பிள்ளையின் தைரியத்தைச் சோதிக்க வைத்ததில்லை. தோளுக்கு மேலே இறங்குகிற பிடிப்பும் இடுப்புப் பட்டையும் ஒரு குறிப்பிட்ட உடம்பளவுக்குத்தான் பொருந்தும். குட்டையான பிள்ளைக்குத் தோளுக்கும் பிடிப்புக்கும் நடுவில் இடைவெளி விழும். திருப்பத்தில் உடம்பு அந்த இடைவெளிக்குள் நகரும், தலை இடிபடும், இன்னும் மோசமாக நழுவவும் கூடும். பி.டி. பீரியடில் பிள்ளைகளின் உயரத்தை வருடா வருடம் அளக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் குறைந்ததுதான்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பெண்பிள்ளைகள் பதினொன்று, பன்னிரண்டு வயதில்தான் வேகமாக வளர்வார்கள். அந்த வளர்த்தி உச்சத்தில் இருக்கும்போது வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரை ஏறும். பிள்ளைக்குப் பிள்ளை மாறும் என்றாலும், 137இல் இருக்கிற பதினொரு வயதுப் பெண் முழுப் பரீட்சை லீவுக்குள் 140ஐ நெருங்கிவிட வாய்ப்பு இருக்கிறது. இப்போது போனால் பெரியவர்கள் வரிசையில் நிற்க, அவள் தம்பியோடு சிறுவர் பகுதியில் உட்கார்ந்திருப்பாள். பதினொரு வயதுக்கு அது மிகவும் வலிக்கும். ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். கிளம்பும் முன் மறுபடி அளந்து பாருங்கள். 140ஐத் தாண்டியிருந்தால் அவளுக்குப் பெரியவர் டிக்கெட் ஆகிவிடும், பரவாயில்லை.

மகனுக்கு 114. சின்னப் பிள்ளைகளுக்கான சவாரிகளும் ஆழமில்லாத குளங்களும் தாராளமாகப் போதும். அந்த வயதில் அலைக்குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அலை வந்து இடிப்பதற்கே மணிக்கணக்காகச் சிரிப்பார்கள். ஆனால் ஒரு கை எட்டுகிற தூரத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். காவலர் இருக்கிறார் என்று விட்டுவிடக் கூடாது. தண்ணீரில் மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, சத்தமே இல்லாமல்தான் மூழ்கும்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், புளியோதரை கட்டிக்கொண்டு போவதெல்லாம் ரயிலோடு முடித்துக்கொள்ள வேண்டும். காலையில் இட்லி மாதிரி லேசாகச் சாப்பிடுங்கள். சுழல்கிற சவாரிகளை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். உட்காதுக்குத் தெரிகிற அசைவும் கண்ணுக்குத் தெரிகிற அசைவும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டும். வயிறு நிறைய இருந்தால் இன்னும் அதிகம். சாப்பாட்டுக்குப் பிறகு சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத் தண்ணீருக்குப் போகலாம். இப்படிப்பட்ட பூங்காக்களில் நீர்ச்சறுக்குகள் பெரும்பாலும் மதியத்தை ஒட்டித்தான் தொடங்கும் என்பதால் அதுவும் தோதுப்படும்.

தென்காசி சாரல்

டவுன் மதினி சொன்னதை இரண்டு தடவை படித்தேன். கரையில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அம்மாக்களைப் பற்றிச் சொன்னது உண்மை. எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. அதை இனி மாற்ற வேண்டும்.

ஆனால் பாதுகாப்பைப் பற்றி எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை. நெல்லைப் பொருட்காட்சித் திடலில், சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவில், ராட்டினம் பாதியில் நின்று பிள்ளைகள் மேலே தொங்கினால் பார்க்கிற நமக்கு உயிர் போய் வருகிறது. கால் அந்தரத்தில் தொங்குகிற வண்டியில் பிள்ளையை எப்படி நம்பி ஏற்றுவது?

வள்ளியூர் காற்றாலை

இது எனக்குத் தெரிந்த பக்கம் என்பதால் விரிவாக எழுதுகிறேன். பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். உயரத்தில் சுற்றுகிற இரும்பும் போல்ட்டும் பேரிங்கும்தான் என் வேலை. ரோலர் கோஸ்டர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறவன். அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கோஸ்டர் வண்டியில் எஞ்சின் கிடையாது. பெரும்பாலானவற்றில் ஒரு சங்கிலி வண்டியை மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். உச்சியைத் தாண்டியதும் சங்கிலி விட்டுவிடும். அதற்குப் பிறகு முழுக்கப் புவியீர்ப்புதான். மேலே ஏறும்போது சேர்த்த ஆற்றலைத்தான் கீழே வேகமாகச் செலவழிக்கிறது. அதனால்தான் முதல் மேட்டை விட உயரமான மேடு பின்னால் எங்கேயும் வராது. சங்கிலி மேடுகளில் ஏறும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கும், பழைய வண்டிகளில் நன்றாகவே கேட்கும். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிற பற்கள்தான் அந்தச் சத்தம். அது கேட்டால் பயப்படத் தேவையில்லை.

தலைகீழாகப் போனால் விழாதா என்று எல்லோரும் கேட்பார்கள். சக்கரங்கள் தண்டவாளத்தை மூன்று பக்கமும் கவ்வியிருக்கும். எடையைத் தாங்க ஒரு வரிசை, பக்கவாட்டில் ஒரு வரிசை, தண்டவாளத்தின் மறுபக்கத்திலிருந்து பிடிக்க ஒரு வரிசை. எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி கழலாது.

பாதையைச் சில துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ரயில் சிக்னல் மாதிரியே ஒரு துண்டில் ஒரு வண்டிக்கு மேல் இருக்கக் கூடாது. முன்னால் போன வண்டி தன் துண்டைக் காலி செய்தது என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் வருகிறதை விடும். பிரேக்கின் அமைப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிரேக் எப்போதும் பிடித்த நிலையிலேயே இருக்கும், அதைத் திறக்கத்தான் காற்றழுத்தம் வேண்டும். கரண்டு போனால், காற்று போனால், பிடித்துக்கொண்டுதான் நிற்கும். காந்த பிரேக் உள்ளவற்றில் கரண்டே தேவையில்லை. காந்தத்துக்கு நடுவில் உலோகத் தகடு ஓடும்போது அதில் உண்டாகிற சுழல் மின்னோட்டமே வேகத்தைக் குறைத்துவிடும்.

சாரல் அண்ணாச்சி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சவாரி பாதியில் நிற்பதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ஏதோ ஒரு சென்சாருக்குச் சின்னச் சந்தேகம் வந்தாலும் நின்றுவிட வேண்டும் என்றுதான் இவற்றை அமைக்கிறார்கள். எங்கள் காற்றாலையும் அப்படித்தான். காற்று நொடிக்கு 25 மீட்டர் போல ஏறினால் தானாக நின்றுவிடும். நிற்பதற்காக நாங்கள் வருத்தப்பட மாட்டோம். கோஸ்டரும் பலத்த காற்று, இடி மின்னலில் ஓடாது. அதனால் வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னைப் பக்கம் போகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வரும்.

திருவிழா ராட்டினத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். திருவிழாவுக்கு வருவது ஊர் ஊராகக் கழற்றிப் பூட்டுகிற சாதனம். ஒவ்வொரு ஊரிலும் தரை வேறு, பூட்டுகிற ஆள் வேறு, போல்ட் எத்தனை தடவை கழன்று ஏறியது என்பதற்குக் கணக்கு இருக்காது. அதை ஓட்டுகிற தொழிலாளிகளைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அளவுக் கருவியும் நேரமும் கிடைப்பதில்லை. நிலையான பூங்காவில் காங்கிரீட் அடித்தளம் ஒரே இடத்தில் இருக்கிறது. காலையில் ஆள் ஏறுவதற்கு முன் காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் அன்றாட வழக்கம். குறிப்பிட்ட கால இடைவெளியில் வெல்டிங்கிலும் அச்சுகளிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை அல்ட்ராசோனிக் முறையில் தேடுவார்கள். நாங்களும் காற்றாலையில் அதைத்தான் செய்கிறோம்.

உங்கள் பங்குக்கு நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பிடிப்பு இறங்கியதும் அதை நீங்களே ஒரு தடவை மேலே தள்ளிப் பாருங்கள். அசைந்தால் கையைத் தூக்கிப் பணியாளரைக் கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள். செல்போனைக் கையில் வைக்காதீர்கள். அந்த வேகத்தில் நழுவினால் கீழே நிற்கிறவர் மண்டையில் கல்லாக விழும். தலையைப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர், இருதயக் கோளாறு, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏற வேண்டாம். முன் இருக்கையில் காட்சி நன்றாகத் தெரியும், பின் இருக்கையில் இழுவை அதிகம். முன்னால் போகிற பெட்டிகள் ஏற்கெனவே சரிவில் இறங்கியிருப்பதால் கடைசிப் பெட்டி உச்சியை வேகமாகத் தாண்டும். முதல் தடவை ஏறுகிற பிள்ளையை நடுவில் உட்கார வையுங்கள்.

தென்காசி சாரல்

பிரேக் எப்போதும் பிடித்தபடிதான் இருக்கும் என்பது எனக்குப் புதிது. மனசு கொஞ்சம் இறங்கியது. நன்றி தம்பி.

ஒன்று யோசிக்கிறேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து நம்ம நெல்லைப் பையன் ஒருவன், பதினேழு வயது, அடித்துக்கொண்டு போனான். அருவி நமக்குப் பழகிய இடம் என்பதால் அங்கே இருக்கிற ஆபத்தை நாம் ஆபத்தாகவே எண்ணுவதில்லை. பூங்காவில் அளவுக் கம்பத்துக்குக் கட்டுப்படுகிற நாம், அருவியில் குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் கயிறு கட்டினால் அவரோடு சண்டைக்கு நிற்கிறோம். மேலே மலையில் மழை பெய்வது கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. தடை என்றால் கரையேறிவிட வேண்டும்.

அம்பை வாலிபன்

அண்ணாச்சிமாரே, இதெல்லாம் சரி, நம்ம ஊரில் ஒரு பூங்கா ஏன் வர மாட்டேன் என்கிறது? மதுரைக்கு அதிசயம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் இருக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி நான்கு மாவட்டத்துப் பிள்ளைகளும் ரயில் ஏறித்தான் போக வேண்டுமா?

கேளம்பாக்கம் நெல்லைக்காரன்

தம்பி, வொண்டர்லா திறந்த வருடங்களைக் கேள்: கொச்சி 2000, பெங்களூரு 2005, ஹைதராபாத் 2016, புவனேஸ்வர் 2024, சென்னை 2025. அவர்கள் போகிற ஊர்களைப் பார். வார நாளிலும் கூட்டம் வருகிற பெருநகரம் வேண்டும். சென்னையிலேயே பத்து சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரியைப் பத்து வருடத்துக்குத் தமிழக அரசு விலக்கிய பிறகுதான் வேலை வேகம் எடுத்தது. அறுநூறு கோடி போட்டால் அது திரும்பி வர வேண்டுமே.

வள்ளியூர் காற்றாலை

எனக்கு இதில் தண்ணீர்தான் முதல் கேள்வி. திரும்பத் திரும்ப வடிகட்டிப் பயன்படுத்தினாலும் வெயிலில் ஆவியாவதும் சிந்துவதும் இருக்கும், அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற வீடுகளைத் தினம் பார்க்கிறேன். தாமிரபரணித் தண்ணீரை அலைக்குளத்துக்குக் கொடுப்பதானால் நான் எதிர்த்து நிற்பேன். தண்ணீர் இல்லாத, உலர் சவாரிகள் மட்டும் உள்ள சின்னப் பூங்கா வந்தால் சந்தோஷம்.

ஆலங்குளம் பி.டி. வாத்தியார்

அம்பைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அதே 2025 டிசம்பரில் நம்ம ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகமும் திறந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கையில் கிடைத்தவற்றை அங்கே வைத்திருக்கிறார்கள். பூங்காவுக்கு மாற்று என்று நான் சொல்ல வரவில்லை, பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வரலாம், ஆச்சியையும் கூட்டிப் போகலாம். ஆதிச்சநல்லூரில் தாழி எடுத்த கதையை ஆச்சிமார் சின்ன வயதில் கேட்டிருப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லட்டும்.

பாளை அம்மா

நேற்று இரவு மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். 140 என்றதும் முகம் வாடியது. வாத்தியார் ஐயா எழுதியதையும், காற்றாலைத் தம்பி எழுதியதையும் அப்படியே படித்துக் காட்டினேன். "அப்போ ஏப்ரலில் போவோம், ஆனால் தஞ்சோராவில் நடு இருக்கை வேண்டாம், முதல் இருக்கைதான்" என்றாள். அப்பாவோடு உட்கார்ந்து ஏற வேண்டும் என்பது அவள் கட்டளை.

குடியரசு தின லீவில் ரெட்டியார்பட்டி போகிறோம். முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசியில், ஒரு புதன்கிழமை, சென்னை. ஆச்சி விஷயம் மட்டும்தான் மீதி. பூங்காவுக்குள் அவர்களுக்கு டிக்கெட் எடுத்து உட்கார வைப்பதா, வேண்டாமா?

கேளம்பாக்கம் நெல்லைக்காரன்

அக்கா, அந்த வெயிலில் முழங்கால் வலியோடு நாள் முழுக்க வேண்டாம். வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஆச்சியிடமே கேளுங்கள். அலைக்குளத்தில் பேரன் ஆடுவதைப் பார்க்க ஆசைப்பட்டால் கூட்டிவாருங்கள், நிழல் பார்த்து உட்கார வைத்து யாராவது மாறி மாறிக் கூட இருக்கலாம். வேண்டாம் என்றால் என் வீடு கேளம்பாக்கத்தில் இருக்கிறது, எங்கள் அம்மாவும் அப்போது இங்கேதான் இருப்பார்கள். இரண்டு பேரும் சேரன்மகாதேவிக் கதை பேசிக்கொண்டிருக்கட்டும். மறுநாள் காலை திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு எல்லோருமாகப் போகலாம், கிட்டம்தான். தனிச்செய்தியில் விலாசம் அனுப்புகிறேன்.

பாளை அம்மா

ஆச்சி கோயிலுக்கு வருகிறேன், பூங்காவுக்கு நீங்கள் போங்கள் என்றார்கள். தம்பி, உங்கள் அம்மாவுக்கு என்ன பலகாரம் பிடிக்கும் என்று ஆச்சி கேட்கச் சொன்னார்கள்.

கேளம்பாக்கம் நெல்லைக்காரன்

இருட்டுக்கடை அல்வா அம்மாவுக்கு உயிர். அப்புறம் அச்சுமுறுக்கு.

நெல்லை ரயிலடி

மதினி, ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஏப்ரல் கடைசிக்கு பிப்ரவரி கடைசியிலேயே உட்கார வேண்டும், லீவு நேரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் சீக்கிரம் நிறைந்துவிடும். போகும்போது இறங்குமிடம் செங்கல்பட்டு என்று போடுங்கள், வரும்போது ஏறுமிடமும் அதே. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வண்டி அங்கே வரும், நேரம் இருக்கும். ஆச்சிக்குக் கீழ் பெர்த் வேண்டும் என்றால் மூத்தோர் கீழ் பெர்த் ஒதுக்கீட்டில் அவர்களுக்குத் தனியாக டிக்கெட் எடுங்கள். நாற்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கே அது உண்டு. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு வராது.